முதலில் பிரீதரைக் கழற்று

ஆயில் மூடியைத் திறந்ததும் புகை வந்தால் "பேக் கம்ப்ரஷன், இன்ஜின் வேலை வந்துடுச்சு" என்று சொல்ல மெக்கானிக் தேவையில்லை. பெங்களூர் மர்பி டவுனில் டீ குடிக்க வந்து நிற்கிறவரே சொல்லிவிடுவார். ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்குவது புது வண்டியிலும் உண்டு. எவ்வளவு இறங்குகிறது, இறங்கியது வெளியேற வழி இருக்கிறதா என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பையனிடம்தான் நான் ஹெட்டைக் கழற்றக் கொடுப்பேன்.

எங்கள் உஸ்தாத் இன்ஜினை ஐடிலில் விட்டு, ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் ஹோஸை மடித்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் ஊற்றும் வாயை உள்ளங்கையால் மூடுவார். பெட்ரோல் வண்டி சரியாக இருந்தால் கையை மெதுவாக உள்ளே இழுக்கும். தள்ளினால் உடனே ரிங் என்று சொல்லமாட்டார். "பைப் கழட்டுடா" என்பார். அந்தக் கை சீக்கிரம் வாய்க்காது. புதிதாக வருகிறவன் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பழகலாம்.

ஒரு மாருதி 800 வந்தது. வேறிடத்தில் பின்பக்க ஆயில் சீலை இரண்டு முறை மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நின்றது. பிரீதர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே தயிர் மாதிரி வெள்ளைக் கசடு. ஆயில் சேம்பரில் அழுத்தம் ஏறினால் எந்த சீல்தான் தாங்கும்? ஹோஸை மாற்றி, டேப்பட் கவருக்குள் இருக்கும் தகட்டைக் கெரோசினில் ஊறவைத்துக் கழுவினோம். அடுத்துப் போட்ட சீல் நின்றது.

இந்தக் கசடு இந்த ஊரில் அதிகம். வீட்டிலிருந்து அல்சூர், எம்.ஜி. ரோடு, திரும்ப வீடு. நடுவே சிக்னலில் நிற்பதுதான் மிச்சம். இன்ஜின் சூடேறி ஆயிலில் இறங்கிய ஈரம் ஆவியாகும் முன் வண்டியை அணைத்துவிடுகிறார்கள். டிசம்பர் காலையில் கேட்கவே வேண்டாம்.

ஹோஸ் வாங்க ஜே.சி. ரோடு போகும் பையனிடம், தண்ணீர் ஹோஸை வாங்கி வராதே என்று சொல்லித்தான் அனுப்புவேன். ஆயில் பட்டால் அது ஊதி, உள்ளுக்குள் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். சிலர் டீசல் வண்டியில் டர்போவுக்கு ஆயில் போகிறதென்று பைப்பைப் பிடுங்கி ரோட்டுக்கு விடச் சொல்வார்கள். பழைய அம்பாசடரில் அப்படித்தான் இருந்தது, உண்மை. நான் செய்து கொடுப்பதில்லை. பின்னால் பைக்கில் வருகிறவன் அந்தப் புகையைக் குடிக்க வேண்டுமா?

வழி சுத்தமாக இருந்தும் புகை தள்ளினால் கம்ப்ரஷன் பார்க்கணும். பிளக் ஓட்டையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் வால்வு. புது ரிங்கைப் போருக்குள் தனியாக இறக்கி, ஃபீலர் கேஜால் வாயை அளக்காமல் பிஸ்டனில் மாட்டாதே. 800-இன் 68.5 மி.மீ. போரில் மேல் ரிங்குக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருந்தால் நல்லது. குறைந்தால் சூட்டில் நுனிகள் முட்டி ரிங் உடையும். எழுத்துள்ள பக்கம் மேலே. மூன்று வாயும் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. ஒரு பையன் இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, வண்டி ஆயில் குடிக்கிறதென்று புது வால்வு சீலைக் குறை சொன்னான். இன்ஜினைத் திரும்ப இறக்கி அவனையே கழற்ற வைத்தேன்.

வேலை முடிந்த வண்டியை ஐடிலிலேயே மணிக்கணக்கில் விடுவது பழைய பழக்கம். லோடு இல்லாமல் ரிங் போரில் உட்காராது. நான் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் அதிகாலையில் எடுத்துப்போய், ஏற்றி இறக்கி ஓட்டிவிட்டு வந்து மறுபடி மூடியைத் திறந்து பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுப்பது.