பெயர்களும் பட்டியல்களும்

பட்டியல் எழுதுவது எழுத்தர் குலத்தின் தொழில். பணிமூப்புப் பட்டியல், விடுப்புப் பட்டியல், ஓய்வூதியம் பெறுவோர் பட்டியல் என்று காலை முதல் மாலை வரை ஏதேனும் ஒரு பட்டியலோடுதான் நம் வாழ்வு கழிகிறது. பெயருக்கு எதிரே ஒரு சிறு குறி. கீழே மேலதிகாரியின் சுருக்கொப்பம். கோப்பு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடும். தலைநகரில் இருபது ஆண்டுகளாக இத்தொழிலையே செய்துவரும் நமக்கு, சோவியத் நாட்டில் 1937, 1938 ஆகிய ஈராண்டுகளில் நிகழ்ந்த கொடுமைகளைப் படிக்கும்போது நெஞ்சில் முதலில் தைப்பவை அங்கே எழுதப்பட்ட பட்டியல்களே.

1937 ஜூலை 30ஆம் நாள், உள்நாட்டு விவகாரங்களுக்கான மக்கள் ஆணையராக இருந்த நிக்கொலாய் யெழோவ், 00447 என எண்ணிட்ட ஆணையொன்றில் ஒப்பமிட்டார். அதில் மக்கள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டனர். முதல் வகையினர் சுட்டுக் கொல்லப்பட வேண்டியவர்கள். இரண்டாம் வகையினர் எட்டு முதல் பத்து ஆண்டுகள் முகாமிலோ சிறையிலோ அடைக்கப்பட வேண்டியவர்கள். எந்த மாகாணத்தில் எந்த வகைக்கு எத்தனை பேர் என்பதும் ஆணையிலேயே குறிக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கை முன்னே வந்தது. ஆளும் குற்றமும் பின்னே தேடப்பட்டன. மூவர் அடங்கிய குழுக்கள் குற்றஞ்சாட்டப்பட்டவரை நேரில் காணாமலே தீர்ப்பளித்தன. மாகாண அதிகாரிகளோ தமக்கு ஒதுக்கிய எண்ணிக்கை போதாது, உயர்த்தித் தருக என்று மேலிடத்துக்கு எழுதினர். நிதியாண்டின் இறுதியில் கூடுதல் ஒதுக்கீடு வேண்டி எழுதப்படும் கடிதங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கடிதங்களின் நடை அயலாகத் தோன்றவில்லை. அதுதான் அச்சத்தைத் தருகிறது. அரசின் சொந்தக் கணக்குப்படியே அவ்வீராண்டுகளில் மரண தண்டனை பெற்றோர் 6,80,000 பேருக்கு மேல். மாஸ்கோவின் புறநகரான புத்தோவோவில் மட்டும் 1937 ஆகஸ்டு முதல் 1938 அக்டோபர் வரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டனர். ஆணையில் ஒப்பமிட்ட யெழோவும் 1940இல் சுடப்பட்டார். அதனால் மாண்டவர் எவரும் மீண்டுவிடவில்லை.

இம்மலரைப் படிக்கும் சங்க அன்பர்களில் நம் வயதினர் பலர், பள்ளிப் பருவத்தில் 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள்களால் பாடநூல்களுக்கு அட்டை போட்டவர்களாக இருப்பர். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய நூல்கள் நம் வீட்டில் ஓர் அலமாரி நிறைய இருந்தன. ஆலைத் தொழிற்சங்கத்தில் ஊன்றி நின்ற நம் தந்தையார், சொற்ப விலைக்குக் கிடைத்த அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்களைத் தம் பிள்ளைகளுக்குச் சேர்த்துவைத்த சொத்தாகவே கருதினார். டால்ஸ்டாயையும் செகாவையும் கார்க்கியையும் நாம் அறிந்தது அவற்றின் வழியாகத்தான். அந்நாட்டின் மீது குறை சொல்வாரைக் கண்டால் நமக்கு அன்று கோபம்கூட வரும். பின்னாளில் இச்செய்திகளையெல்லாம் படித்தறிந்து, விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது தந்தையாரிடம் மெல்லச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "சுட்டவங்க மட்டுமா தம்பி அந்த நாடு? சுடப்பட்டவங்களும் அந்த நாடுதானே" என்றார். எழுத்தாளர் ஐசக் பாபெல் 1940இல் சுடப்பட்டதையும், கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாம் 1938இல் முகாமுக்குச் செல்லும் வழியிலேயே மாண்டதையும் சொன்னோம். அவர்களுடைய நூல் ஏதேனும் தமிழில் உண்டா என்று கேட்டார். அலமாரியில் இருந்த நூல்களில் ஒன்றையும் அவர் அகற்றவில்லை. அவர் செய்தது சரியென்றே நமக்குப்படுகிறது.

கொலையைவிடக் கொடியதாக நாம் எண்ணுவது அதன் பிறகு எழுதப்பட்ட கடிதங்களை. கணவன் எங்கே என்று கேட்டு வந்த மனைவிக்கு, "பத்தாண்டுச் சிறை, கடிதத் தொடர்புக்கு உரிமை இல்லை" என்று விடை தரப்பட்டது. பெரும்பாலும் அதன் பொருள், அவர் அப்போதே சுடப்பட்டுவிட்டார் என்பதுதான். பத்தாண்டும் கடந்தது. ஸ்டாலின் மறைந்த பின் 1955இல் உளவுத்துறை ஓர் இரகசிய அறிவுறுத்தல் பிறப்பித்தது: கைதான நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் ஏதேனும் ஒரு தேதியையும் ஏதேனும் ஒரு நோயையும் இட்டு இறப்புச் சான்றிதழ் தருக. அவ்வாறே தந்தனர். நிமோனியா என்றும் மாரடைப்பு என்றும் எவனோ ஓர் எழுத்தன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அந்தப் பொய்த் தேதியில் எத்தனை வீடுகளில் மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள்! அதே ஆண்டு இன்னோர் ஆணையும் வந்தது. குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டவருக்கு, அவர் இல்லையெனில் அவர் குடும்பத்துக்கு, கைதானபோது பெற்ற ஊதியத்தில் இரண்டு மாதத் தொகை வழங்கப்படும். இரண்டு மாத ஊதியம்! நம் பிரிவில் நிலுவைத் தொகைகளைக் கணக்கிட்டுத் தருவது நம் வேலைதான். இந்தக் கணக்கு மட்டும் நமக்கு விளங்கவில்லை.

இவ்வழிவில் நம் நாட்டவரும் சிக்கினர். கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் இளவல் வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயர், பெர்லினில் இருந்துகொண்டு வெள்ளையராட்சிக்கு எதிராகப் பாடுபட்டவர். பின்னர் லெனின்கிராடில் இனவரைவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். 1936இல் வெளிவந்த தம் சுயசரிதையில் ஜவஹர்லால் நேரு அவரைப் பற்றி அன்போடு எழுதியிருக்கிறார். மறு ஆண்டு ஜூலையில் சட்டோ கைதானார். செப்டம்பர் 2ஆம் நாள் சுடப்பட்டார். அவனி முகர்ஜிக்கும் அதே ஆண்டு அதே முடிவு. 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தோருள் அவனி ஒருவர். நம் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா இன்னொருவர். ஆச்சார்யா தோழர்களோடு முரண்பட்டு, 1920களின் தொடக்கத்திலேயே அந்நாட்டை விட்டு வெளியேறினார். வறுமையில் உழன்று 1954இல் பம்பாயில் காலமானார். அங்கேயே தங்கியிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை. சரோஜினி 1949இல் மறைந்தார். அப்போது அந்நாட்டு ஆவணக் காப்பகங்கள் பூட்டியே கிடந்தன.

அந்தப் பூட்டைத் திறந்தவர்களுள் ஓர் எழுத்தரும் உண்டு என்பதை ஈண்டு சற்றே பெருமையுடன் குறிப்பிட வேண்டும். திமீத்ரி யூராசவ் என்னும் இளைஞர் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் கடைநிலைப் பணியாளராகச் சேர்ந்தார். கையில் கிட்டிய கோப்புகளிலிருந்து, ஒடுக்குமுறைக்கு ஆளானோரின் பெயரையும் தொழிலையும் முடிவையும் அட்டைகளில் மறைவாகக் குறித்துவந்தார். வேலையும் போயிற்று. 1987இல் மாஸ்கோ எழுத்தாளர் இல்லத்தில் நடந்த கூட்டமொன்றில் அவர் எழுந்து பேசியபோது, அவரிடம் சேர்ந்திருந்த அட்டைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். பட்டியல் எழுதுபவன் கையாலேயே பட்டியலுக்கு மறுமொழி எழுதப்பட்டது. அக்காலத்தில்தான் மெமோரியல் என்னும் அமைப்பும் உருவாயிற்று. அறிவியலாளர் ஆந்திரேய் சகரவ் அதன் முதல் தலைவரானார். அவ்வமைப்பினர் திரட்டிய பெயர்கள் பின்னாளில் முப்பது லட்சத்தைக் கடந்தன.

1990 அக்டோபர் 30ஆம் நாள், முதல் முகாம்கள் அமைந்த சொலவெத்ஸ்கித் தீவிலிருந்து கொணர்ந்த ஒரு கல்லை மாஸ்கோவின் லுபியான்கா சதுக்கத்தில், உளவுத்துறைத் தலைமையகத்துக்கு எதிரே நிறுத்தினர். 2007 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 29 அன்று மக்கள் அங்கே வரிசையில் நின்றனர். முறை வந்ததும் பெயர், வயது, தொழில், சுடப்பட்ட நாள் ஆகியவற்றைப் படிப்பார்கள். காவலாளி, கணக்கர், பாதிரியார், தையற்காரி என்று தொழில்கள் வரும். சிலர் இறுதியில் தம் பாட்டனார் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். காலை பத்து முதல் இரவு பத்து வரை படித்தாலும், மாஸ்கோவில் மாண்டோரின் பட்டியலில் ஒரு சிறு பகுதியே முடியும். வேறு சொற்பொழிவு ஏதும் இல்லை. நம் கூட்டங்களில் நன்றியுரையே அரை மணி நேரம் நீள்வதை இங்கே நினைத்துக்கொண்டோம்.

2020இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டி அங்கே கூடுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. தொற்று ஓய்ந்த பின்னும் அனுமதி திரும்பவில்லை. கரேலியாவின் காட்டில் சண்டார்மோக் என்னுமிடத்தில் 1997இல் புதைகுழிகளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான யூரி திமீத்ரியெவுக்கு, வேறொரு குற்றச்சாட்டின் பேரில் 2021 டிசம்பர் 27 அன்று தண்டனை பதினைந்தாண்டாக உயர்த்தப்பட்டது. அது புனைந்த வழக்கு என்பது மெமோரியல் அமைப்பினரின் கூற்று. மறுநாளே உச்சநீதிமன்றம் மெமோரியலைக் கலைக்க உத்தரவிட்டது. 2022இல் அதற்கு அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இத்தனைக்கும் 2017இல் அரசே மாஸ்கோவில் 'துயரச் சுவர்' என்னும் பெரிய நினைவுச் சின்னத்தை எழுப்பியிருந்தது. குடியரசுத் தலைவரே வந்து திறந்துவைத்தார். மாண்டோருக்காக அழலாம், கொன்றது யார் என்று கேட்கலாகாது என்பது போலும்.

'கடைசி முகவரி' என்றொரு முயற்சி 2014இல் தொடங்கியது. கைதானவர் கடைசியாக வாழ்ந்த வீட்டுச் சுவரில், இன்று அங்கே குடியிருப்போரின் இசைவோடு, உள்ளங்கையளவு உலோகத் தகடொன்றைப் பதிப்பார்கள். பெயர், தொழில், பிறந்த ஆண்டு, கைதான நாள், சுடப்பட்ட நாள், குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்ட ஆண்டு, அவ்வளவே. ஒளிப்படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரத் துளை. அண்மை ஆண்டுகளில் மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்கிலும் இத்தகடுகள் பல இரவோடிரவாகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. சில வீடுகளில் மறுபடியும் அதே இடத்தில், அதே அளவில் வெட்டிய அட்டையில், அதே வரிகளைக் கையால் எழுதி எவரோ ஒட்டியிருந்தனர்.