கல்மாலையும் கெம்பு மோதிரமும்

தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் தங்கச்சி ஒருத்தி, கெம்புக்கல் வைத்த வெள்ளி மோதிரம் செய்து கொண்டுவந்தாள். மெல்லிய வெள்ளிப் பட்டையைக் கல்லின் அளவுக்கு வளைத்து, அடித்தகட்டில் பற்றவைத்த பிறகுதான் கல்லை இறக்கணுமாம். அதற்குப் பின் நெருப்பு காட்டக் கூடாது. பட்டையின் விளிம்பை எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அமுக்கணும்; ஒரே பக்கம் அமுக்கினால் கல் சாய்ந்துவிடும்.

தொழில் படிக்க ஒரு பட்டறைக்குப் போனவளிடம் முதலில் கேட்டது தெருப் பெயர். திரும்பி வந்து வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டாள்.

இந்த ஊரும் அன்று திருவிதாங்கூர்தான். புலையர் பெண்களுக்குக் கழுத்தில் கல்மாலைதான். பொன்னும் வெள்ளியும் கூடாது. 1915இல் அய்யன்காளி கொல்லத்தில் கூட்டிய கூட்டத்தில் அந்தப் பெண்கள் மாலைகளை அறுத்தெறிந்தார்கள். குவியலாகக் கிடந்ததாம்.

“அக்கா, போட்டுப் பாருங்க” என்றாள். கொஞ்சம் இறுக்கம்தான். கழற்றித் தர மனசே வரவில்லை.