பாலும் சேர்ந்தால்தான் சாப்பாடு

ஸ்காபரோ, கனடா



இங்குள்ள உணவு வங்கிகளில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் சாமான்களில் ஒன்று, நீலப் பெட்டியில் வரும் கிராஃப்ட் டின்னர். மக்கரோனியும் செம்மஞ்சள் நிறச் சீஸ் தூளும் அடங்கிய இந்தப் பெட்டி 1937இல் கடைக்கு வந்தது. விலை மலிவு, மாதக்கணக்கில் கெடாது. கம்பனிகளும் தரும், கடைக்குப் போகிற சனமும் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வாசல் கூடையில் போட்டுவிட்டுப் போகும்.

நான் உதவிக்குப் போகும் உணவு வங்கியில் நம்மூர்த் தாய் ஒருவர் அந்தப் பெட்டியைத் திருப்பி, செய்முறையை எனக்குக் காட்டினார். "தம்பி, இதுக்குப் பாலும் பட்டரும் விடச் சொல்லிக் கிடக்கு. அது ரெண்டும் வீட்டில இருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கிறன்?"

அவர் கேட்டதையே ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். கல்கரி பல்கலைக்கழகத்தின் மெலனி ராக்கும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரை முழுக்க இந்தப் பெட்டியைப் பற்றியதுதான். வசதியுள்ளவர்களுக்கு அது பிள்ளைப் பருவத்து ருசி, மனதுக்கு இதமான சாப்பாடு. கையில் காசில்லாத வீட்டில், மாதக் கடைசியில் பால் தீர்ந்த பிறகும் அதைத்தான் பிசைய வேண்டியிருக்கிறது. கொடுப்பவர் நினைக்கும் பெட்டி வேறு, வாங்குபவர் அடுப்பில் ஏற்றும் பெட்டி வேறு.

கொடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கெடாத சாமானைக் கொடுப்பது சுலபம். பாலுக்குக் குளிரூட்டிய வண்டி வேண்டும், குளிர் அறை வேண்டும், சில நாட்களுக்குள் வீடு போய்ச் சேரவும் வேண்டும். அத்தனை கரைச்சலையும் ஏற்றுக்கொண்ட ஒரு கூட்டு இதே ஒன்ராறியோவில் 1998 முதல் நடக்கிறது. பாற்பண்ணைக்காரர் பாலைத் தானமாகத் தருகிறார்கள், பவுசர் ஓட்டுபவர்கள் கூலி வாங்காமல் ஏற்றுகிறார்கள், பால் கம்பனிகள் காசில்லாமல் காய்ச்சிப் பதப்படுத்தி அடைத்துக் கொடுக்கின்றன. மாகாணத்து உணவு வங்கிகளின் சம்மேளனம் அதைப் பங்கிடுகிறது. கம்பனியும் தொண்டு நிறுவனமும் கைகோத்தால் எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். மிஞ்சியதைத் தள்ளிவிடுகிற வேலை இதில் இல்லை. வீட்டில் எது இல்லையோ அதைப் பார்த்துத் தருகிறார்கள்.

கனடாவின் முதல் உணவு வங்கி 1981இல் எட்மன்டனில் தொடங்கியது. கொஞ்சக் காலத்துக்கான ஏற்பாடு என்றுதான் அன்று நினைத்தார்கள். 2024 மார்ச் மாதத்தில் மட்டும் நாடு முழுக்க உணவு வங்கிகளுக்குச் சனம் வந்துபோன தடவைகள் 20 லட்சத்துக்கும் மேல். வேலைக்குப் போகிறவர்களும் வருகிறார்கள். சம்பளத்தில் பெரும் பங்கை வாடகை விழுங்கிவிட, குறைக்கக் கூடியதாக மிஞ்சுவது சாப்பாடு ஒன்றுதான். இதை எந்தக் கம்பனியின் பெட்டியாலும் தீர்க்க முடியாது. வாடகைக்கும் சம்பளத்துக்கும் அரசுதான் பதில் சொல்ல வேண்டும். அதுவரை இன்றிரவு பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே.

தைப்பொங்கலை ஒட்டி இங்குள்ள நம் சங்கங்களும் உணவு சேர்க்கப் புறப்படும். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டின்களையும் பெட்டிகளையும் அடுக்கத் தொடங்குமுன் அந்த உணவு வங்கிக்கு ஒரு கோல் எடுத்து, இந்தக் கிழமை என்ன தட்டுப்பாடு என்று கேளுங்கள். குழந்தைப் பால்மா என்பார்கள், சமையல் எண்ணெய் என்பார்கள், அரிசி பருப்பு என்பார்கள். காசாகத் தாருங்கள் என்றும் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் காசாகவே கொடுங்கள்.