மையும் கணக்கும்

தோட்டப்புறத்தில் எஞ்சியதை எறிந்துவிடும் வழக்கம் இருந்ததில்லை. நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்தோர், மங்கில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிய பின்னும் அம்மரத்தை மறந்துவிடவில்லை. மறுநாள் விடியலில், மங்கின் அடியில் உறைந்து கிடந்த கட்டிப்பாலைப் பெயர்த்தெடுத்தனர். வெட்டிய கோட்டில் நூல்போல் காய்ந்திருந்த கோட்டுப்பாலை உரித்தெடுத்தனர். அவையும் நிறுவைக்குச் சென்றன. பாலுக்குரிய விலை அவற்றிற்குக் கிட்டவில்லை. ஆயினும் விலை என்று ஒன்று இருந்தது. ஒரு பொருளைத் தீர்ந்துவிட்டது என்று சொல்லுமுன், உள்ளே கைவிட்டுப் பார்ப்பது அம்மக்களின் இயல்பாயிற்று.

அவ்வியல்பு பள்ளிக்கூடத்திலும் புகுந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரேனும் குடியிருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தப்பெற வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. இன்று நெகிரி செம்பிலானில் உள்ள தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றின் வேர் அந்தத் தோட்டப் பள்ளிகளிலேயே ஊன்றியிருக்கிறது. அங்கே சைக்ளோஸ்டைல் எந்திரம் சுழன்ற காலத்தில், ஒருமுறை தட்டச்சு செய்த மெழுகுத்தாளை ஆசிரியர்கள் குப்பையில் இட்டதில்லை. மை துடைத்து, பழைய செய்தித்தாளின் இடையே வைத்துப் பாதுகாத்து, அடுத்த ஆண்டும் அதிலேயே தேர்வுத்தாளை உருட்டி எடுத்தனர். பின்னர்க் கணினியும் மைபீச்சும் அச்சுப்பொறியும் வந்தன. எந்திரம் மாறியதேயன்றி ஆசிரியரின் தேவை மாறவில்லை. பயிற்சித்தாள் வேண்டும், அது மலிவாகவும் வேண்டும், நாளைக் காலைக்குள் வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்தது. பள்ளிகள் மூடின, மீண்டும் திறந்தன, 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் மூடின. பாடம் இனிக் கைப்பேசி வழியே நடக்கும் என்றார்கள். ஆனால் செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு வீட்டிற்கு ஒரு கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் வீட்டில் வெறுங்கையோடு இருப்பார்கள். இதனை நன்கறிந்த ஆசிரியர் ஒருவர், தம் வீட்டு அச்சுப்பொறியில் பயிற்சித்தாள்களை அச்சிட்டு, பெயர் எழுதிய உறைகளில் இட்டு, தோட்டத்து மளிகைக்கடையில் கொடுத்து வைத்தார். அரிசி வாங்க வந்த தாய் அரிசியோடு பாடத்தையும் எடுத்துச் சென்றாள்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் இரவு, ஐந்தாம் ஆண்டின் தாள்கள் பாதி வெளிவந்த நிலையில், எந்திரம் நின்றது. மைப்பேழை வெறுமையாயிற்று; புதியது பொருத்துக என்னும் அறிவிப்புத் தோன்றியது. தீர்ந்ததாகச் சொல்லப்பட்டது செந்நிற மை. அச்சிட வேண்டியதோ கறுப்பு எழுத்து. ஆயினும் எந்திரம் இசையவில்லை. கார்ட்ரிட்ஜ் விற்கும் கடை சிரம்பானில் இருந்தது. அது பூட்டிக் கிடந்தது. ‘வெறுமை’ என்னும் சொல்லிலும் ‘மை’ உண்டு என்று அவர் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்றிரவு பேழையைக் கழற்றி விளக்கொளியில் பிடித்துப் பார்த்தபோது அது வேடிக்கையாக இல்லை. உள்ளிருந்த பஞ்சு இன்னும் சிவந்து ஈரமாகவே இருந்தது.

இதன் காரணம் பேழையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு சில்லில் உள்ளது. பல பொறிகளில் மையின் அளவை நேரே எவரும் அளப்பதில்லை. எத்தனை துளி பீச்சப்பட்டது, எத்தனை முறை முனை கழுவப்பட்டது என்று எண்ணி, அவ்வெண்ணை முதலில் இருந்த அளவினின்று கழித்து, எஞ்சியதை எந்திரம் ஊகிக்கிறது. எண் எல்லையைத் தொட்டதும் ‘வெறுமை’ என்னும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அதன்பின் புதிய மையை நிரப்பிப் பொருத்தினாலும் சில்லு பழைய தீர்ப்பையே ஒப்பிக்கும். ஆதலால் மறுபயன்பாட்டிற்கு இரு வேலைகள் தேவையாகின்றன: பேழைக்கு மை ஊட்டுவது ஒன்று, சில்லின் கணக்கைத் தொடக்கத்திற்கு மீட்பது மற்றொன்று.

ஆசிரியரிடம் முன்பே வாங்கிய மைக்குப்பிகளும் ஊசிக்குழலும் இருந்தன. பேழையின் கீழ்வாயை ஒட்டுத்தாளால் அடைத்தார். மேற்புறத் துளையின் அடைப்பை நீக்கி, ஊசியைச் செலுத்தி, மையைச் சொட்டுச் சொட்டாக விட்டார். விரைந்து அழுத்தினால் காற்று உட்புகும்; குமிழ் அடைத்த இடத்தில் எழுத்து வெளுத்துப்போகும். அளவு மிஞ்சினால் மை கசிந்து பிற நிறங்களோடு கலக்கும். காற்றுப்போக்கிக்கென அமைந்த நுண்துளையை மறந்தும் மூடிவிடலாகாது. பின்னர், தீப்பெட்டியளவே இருந்த மீட்டமைக்கும் கருவியின் ஊசிமுனைகளைச் சில்லின் பொன்னிறப் புள்ளிகளில் வைத்து அழுத்தினார். சிவப்பாய் மின்னிய விளக்குப் பச்சையாயிற்று. நள்ளிரவிற்குள் எஞ்சிய தாள்கள் வெளிவந்தன. காலையில் உறைகள் மளிகைக்கடைக்குச் சென்றன.

இம்மறுபயன்பாட்டின் கருவி ஊசிக்குழல். இப்பொறியின் பிறப்பிலும் ஓர் ஊசிக்குழல் உண்டு. 1977ஆம் ஆண்டில் ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்னும் பொறியாளர் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, சூடான பற்றவைப்புக் கோல் மை நிறைந்த ஊசியின்மேல் தற்செயலாகப் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டது. சூட்டினால் எழும் குமிழி துளியை உந்தித் தள்ளும் என்னும் உண்மை அவ்வாறு புலப்பட்டது. அமெரிக்காவின் ஹியூலெட் பக்கார்டு நிறுவனத்தாரும் தனியே இம்முறையைக் கண்டறிந்து, 1984ஆம் ஆண்டில் திங்க்ஜெட் என்னும் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

பொறியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து மையில் ஊதியம் காண்பது இவ்வணிகத்தின் வழக்கம். அதனால்தான் நிரப்பிய பேழைக்கு இத்துணை எதிர்ப்பு. எனினும் உற்பத்தியாளர் பக்கத்தில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. சூட்டினால் இயங்கும் முனைக்கு மையே குளிர்ச்சியும் தருகிறது. மையின்றி ஓடினால் முனை கருகிப்போகும். ஆகவே சிறிது எஞ்சும்போதே நிறுத்துவது காப்பாகும். ஆனால் காப்பு எங்கே முடிகிறது, ஆதாயம் எங்கே தொடங்குகிறது என்பதை அச்சில்லு சொல்வதில்லை. லேசர் பொறியின் பேழைகளை நிரப்பி விற்ற வணிகர் ஒருவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், ஒரு பொருளை விற்றதோடு அதன்மீதுள்ள காப்புரிமையின் பிடி முடிந்துவிடுகிறது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. அண்டை நாடாகிய இந்தோனேசியாவிலோ தீர்ப்பு வேறு வடிவில் வந்தது. அங்கே மக்கள் பொறியின் பக்கத்தில் குப்பிகளைக் கட்டி, குழாய் வழியே தாமாகவே மை ஊட்டி வந்தனர். அதனைக் கண்ட எப்சன் நிறுவனம், ஊற்றி நிரப்பத்தக்க தொட்டியுடன் கூடிய பொறியை 2010ஆம் ஆண்டில் முதன்முதலாக அந்நாட்டிலேயே வெளியிட்டது. இன்று மலேசியாவின் பல பள்ளி அலுவலகங்களிலும் அத்தகைய தொட்டிப் பொறிகளைக் காணலாம். எளியோரின் கைவேலை ஆலையின் வடிவமைப்பாயிற்று.

இத்துடன் கதை முடிந்திருந்தால் வெற்றிக் கதையாக இருந்திருக்கும். ஆனால் ஆசிரியர் மற்றொரு பாடமும் கற்க வேண்டியிருந்தது. முனையைக் கழுவுந்தோறும் வழியும் மை வீணாய் எங்கும் போவதில்லை. பொறியின் அடியில் விரித்துள்ள கம்பளித் திண்டு அதனை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சில திங்கள் கழித்து, கழிவுத் திண்டு நிறைந்துவிட்டது என்று சொல்லிப் பொறி மீண்டும் நின்றது. ஒருமுறை வென்றவர்க்கு ஐயம் எழவில்லை. இதுவும் முன்போன்ற பொய்க் கணக்கே என்று எண்ணி, நண்பர் ஒருவர் அனுப்பிய மென்பொருளால் அவ்வெண்ணைச் சுழியமாக்கினார். பொறி பணிந்து ஓடியது. ஒருநாள் காலையில் மேசையின் விளிம்பிலிருந்து கறுப்பு மை சொட்டியது. கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருந்த, பிள்ளைகள் எழுதித் திருப்பிய கட்டுரைத் தாள்கள் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. மாணவர் கைப்பட எழுதியவை, இன்னும் திருத்தப்படாதவை, மறுபடி அச்சிட முடியாதவை.

அன்று அவர் பொறியின் அடிப்பலகையைக் கழற்றி, ஊறிப்போன திண்டுகளை எடுத்து, நீர் தெளியும்வரை அலசி, வெயிலில் உலர்த்தி மீண்டும் பொருத்தினார். செய்திருக்க வேண்டிய வேலை அதுவே. எண்ணை மாற்றியது அவ்வேலையின் கடைசிப் படி மட்டுமே. ஒரு கணக்கு, மை இருக்கும்போதே இல்லை என்றது. மற்றொன்று, நிறைந்ததை நிறைந்தது என்றே சொன்னது. இரண்டையும் அவர் ஒரே பொத்தானால் அழித்தார். முதல்முறை பேழையைத் திறந்து பார்த்திருந்தார். இரண்டாம் முறை திறந்து பார்க்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

பள்ளிகள் திறந்தன. ஆறாம் ஆண்டு மாணவர்க்கான அரசுத் தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டமையால், பிள்ளையின் நிலையை வகுப்பாசிரியரே மதிப்பிட்டுப் பதிய வேண்டியதாயிற்று. எண் இப்போது அவர் கையில். குறைந்த எண்ணைக் கண்டு ஒரு பிள்ளையை வெறுமையென்று ஒதுக்குவதும் எளிது. எண்ணை உயர்த்திப் பதிந்து, கல்லாமையை அடியில் தேங்கவிடுவதும் எளிது. முன்னது ஈரப் பஞ்சைக் குப்பையில் எறிவது. பின்னது நிறைந்த திண்டின்மேல் சுழியம் எழுதுவது. இரண்டு பிழைகளுக்கும் பிள்ளையே விலை கொடுக்கிறது.

அவ்வாண்டு மதிப்பீட்டுப் படிவங்களை எழுத அமர்ந்தபோது, அவர் முதலில் பேனாவை எடுக்கவில்லை. கறைபட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, படிக்க முடிந்த வரிகளைப் படித்தார். படிக்க முடியாத தாளுக்குரிய பிள்ளைகளை மறுநாள் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்து, என்ன எழுதினாய் என்று கேட்டார். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு முடித்த பின்னரே எண்ணைப் பதிந்தார்.