'ஆம்' என்றொரு சிறு சொல்

புதிய மொழியொன்றைக் கற்கப் புகுவோர் முதல் நாளிலேயே கேட்டறியும் சொற்களுள் 'ஆம்' என்பதும் ஒன்று. நாங்கள் நண்பர்கள் சிலர் கூடித் தாந்தேயை வாசிக்கப் புகுந்தபோது, இச்சிறு சொல்லுக்குப் பின்னே ஒரு பெருங்கதை இருப்பதைக் கண்டோம்.

மக்கள் பேசும் மொழியின் பெருமையைப் பற்றித் தாந்தே 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனில் ஒரு நூல் எழுதினார்; அது முற்றுப்பெறவில்லை. அதில் அவர் தென் ஐரோப்பிய மொழிகளை 'ஆம்' எனும் சொல்லைக் கொண்டே மூன்றாகப் பகுத்தார்: 'ஓக்' என்போர், 'ஓயில்' என்போர், 'சி' என்போர். மூன்றும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை என்றும் கூறினார்.

இம்மொழிகளின் தாயான இலத்தீனில் 'ஆம்' என்பதற்கு ஒரே நிலைத்த சொல் இல்லை. 'வந்தானா?' என்று கேட்டால் 'வந்தான்' என வினையையே திருப்பிச் சொல்வர். அல்லது 'அவ்வாறே' எனும் பொருளில் 'சிக்' என்பர். அந்தச் 'சிக்' இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் 'சி' ஆயிற்று. 'இது' எனும் பொருளுடைய 'ஹோக்', தென் பிரான்சில் 'ஓக்' ஆயிற்று. வடக்கே அதனோடு 'அவன்' என்னும் சொல்லும் சேர்ந்து 'ஓயில்' பிறந்தது. அதுவே இன்றைய பிரெஞ்சின் 'வீ'. அதே குடும்பத்து ருமேனியமோ 'தா' என்று ஸ்லாவியரின் சொல்லை ஏற்றுக்கொண்டது. ஐரிஷ் மொழியினர் இன்றும் வினையைத் திருப்பிச் சொல்லியே விடை தருகின்றனர். நம் 'ஆம்' என்பதும் 'ஆகும்' என்னும் வினையின் சுருக்கமே அன்றோ!

ஒலியும் நம்மை ஏமாற்றும். கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆம். எல்லை கடந்து பல்கேரியாவுக்குள் சென்றால் 'நே' என்பது இல்லை! அங்கே மரபாக ஆம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள். பிரெஞ்சில், 'நீ வரவில்லையா?' என்பதற்கு 'வருகிறேன்' என மறுத்துரைக்க 'வீ' உதவாது. 'சி' என்றே சொல்ல வேண்டும்.

இவற்றுள் எங்கள் நெஞ்சில் தங்கியது 'ஓக்' தான். லாங்டாக் என்னும் நிலப்பகுதியின் பெயருக்கே 'ஓக்கின் மொழி' என்பதுதான் பொருள். துருபதூர்கள் எனப்பட்ட பாவலர்கள் காதலைப் பாடிய மொழி அது. 1539-இல் பிரெஞ்சு மன்னரின் ஆணையொன்று அரசு ஆவணங்களில் பிரெஞ்சையே கட்டாயமாக்கியது. பின்னாளில் பள்ளிகளில் தாய்மொழி பேசிய சிறுவர்கள் தண்டிக்கப்பட்டனர்; இழிவுபடுத்தப்பட்டனர். அம்மொழியின் புரோவென்சால் வழக்கில் எழுதிய மிஸ்திரால் 1904-இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் தேய்வு நிற்கவில்லை. இன்று யுனெஸ்கோ அதன் வழக்குகளை அழியும் நிலையிலுள்ளவற்றுள் சேர்த்திருக்கிறது.

மொழியின் அழிவு என்றதும் காவியங்களின் இழப்பையே எண்ணுகிறோம். ஆனால் 'சாப்பிடுகிறாயா?' என்று பாட்டி தன் மொழியில் கேட்க, பேரன் 'வீ' என்று விடையிறுக்கும் அடுக்களையிலேயே அது தொடங்கிவிடுகிறது. மிகச் சிறிய சொல்லே முதலில் கைமாறுகிறது.

2016-இல் பிரான்சின் தென்பகுதி மாநிலமொன்றுக்கு 'ஒக்சித்தானி' என்று பெயரிட்டனர். நிலத்தின் பெயரில் அந்த 'ஆம்' வாழ்கிறது. அங்குள்ள குழந்தைகளின் நாவிலும் அது வாழ வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.