எம்டன் சுட்ட கரை

சென்னை உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஒரு கல்வெட்டு பதிக்கப்பட்டிருக்கிறது. அவ்வழியே எத்தனையோ முறை சென்றிருந்தும் நாம் அதைப் படித்ததில்லை. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் வீசிய குண்டின் நினைவுக் குறி அது. அதைப் படித்துவிட்டு, எண்ணூர் நோக்கி வடக்கே புறப்பட்டோம்.

அக்காலத்தில் துறைமுகத்தருகே பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் நின்றன. இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் கரையை நெருங்கி, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. இரு தொட்டிகள் பற்றியெரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றும் அடிபட்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கரைப் பீரங்கிகள் முழங்கியும் கப்பல் ஊறின்றி இருளில் மறைந்தது. மறுநாள் தொடங்கி மக்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினர்.

இராயபுரத்தில் இறங்கினோம். அர்ச். இராயப்பர் பெயரையே தாங்கிய ஊர்; கப்பலுக்கும் கரைக்குமிடையே அலைகளோடு போராடிய படகோட்டிகள் எடுப்பித்த அவருடைய ஆலயம் இங்கே இருக்கிறது. ஆலய நிழலில் அமர்ந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. எம்டன் செய்தது குற்றமா?

அன்றைய சட்டப்படி, குற்றமென்று எளிதில் சொல்வதற்கில்லை. 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, காவலற்ற துறைமுகங்களைச் சுடலாகாது என்றது. ஆனால் பகைவர் கடற்படைக்கு உதவக்கூடிய கிடங்குகளுக்கு அப்பாதுகாப்பை அளிக்கவில்லை. சென்னையிலோ பீரங்கிகளும் இருந்தன. கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லரைப் பண்பாளர் என்று ஆங்கிலேயரே புகழ்ந்தனர். எதைச் சுடலாம், எப்படிச் சுடலாம் என்பதையே சட்டம் ஆராய்ந்தது. போர் தொடுப்பதோ அரசுகளின் உரிமை. முன்னறிவிப்பு ஒன்றே தேவை. இந்தியரை எவரும் கேட்காமலேயே இந்தியாவும் அப்போரில் இழுக்கப்பட்டது.

1928-இல் பாரிஸ் நகரில், போரை அரசியல் கருவியாகக் கொள்வதில்லை என்ற உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜெர்மனியும் இந்தியாவும் அதில் ஒப்பமிட்டன. அது 1939-ஐத் தடுக்கவில்லை. பின்னர் 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் பிறந்தது. இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர், நம் சென்னையின் மேயராயிருந்த ஆர்க்காடு இராமசாமி முதலியார்! பிற நாட்டின் எல்லைக்கோ சுதந்திரத்திற்கோ எதிராகப் படைபலத்தைக் கையாளவும் கூடாது, கையாள்வதாக மிரட்டவும் கூடாது என்கிறது அதன் இரண்டாம் விதியின் நான்காம் பிரிவு. தாக்கப்பட்டால் தற்காத்துக்கொள்ளலாம், பாதுகாப்பு சபை அனுமதித்தாலும் படை செல்லலாம்.

அச்சபையின் நிரந்தர உறுப்பினர்களே 2003-இல் ஈராக்கினுள்ளும் 2022-இல் உக்ரைனினுள்ளும் படை நடத்தினர். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். போரை நிறுத்துமாறு 2022 மார்ச் 16 அன்று சர்வதேச நீதிமன்றம் ரஷியாவுக்கு இட்ட ஆணையும் ஏறவில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் காண்கிறோம். இன்று படையெடுப்பவன், தற்காப்பென்றோ வேறெதுவென்றோ ஒரு நியாயத்தைத் தேடி உலகின்முன் நிற்க வேண்டியிருக்கிறது. எம்டனை ஏவிய அரசுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

காசிமேடு, திருவொற்றியூர் கடந்து பேருந்து சென்றது. மேற்கே மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் புகை. 1914-இல் எரிந்தவை இரண்டே தொட்டிகள். இன்று இவ்வட்டாரத்தில் எண்ணெய்க் கிடங்குகளும் குடியிருப்புகளும் அடுத்தடுத்து நிற்கின்றன.

முன்னிருக்கையில் ஒரு மூதாட்டி, ஜன்னலில் தொங்கிய பேரனை இழுத்து உட்கார வைத்து, “சரியான எம்டன்டா நீ!” என்று அதட்டினார்.

“எம்டன் யாரம்மா?” என்று கேட்டோம்.

“யாரோ பொல்லாதவனாம் சார்! எங்க ஆயா அப்படித்தான் திட்டும்” என்று சிரித்தார்.

எண்ணூர் வந்துவிட்டது.