படிக்கட்டின் உயரம்

அயல்நாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று திரும்பும் மயிலாப்பூர், அடையாறு பெற்றோர் சொல்லும் கதைகளில் ஒரு வரி மட்டும் மாறுவதில்லை: "ஊர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யாராவது காரில் அழைத்துப்போனால்தான் உண்டு." கார் ஓட்டத் தெரியாத அறுபது வயதுக்காரருக்குப் பல வெளிநாட்டு நகரங்கள் வசதியான வீட்டுக்காவல். கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் தன் காலிலேயே போய்ப் பழகியவர், சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறார்.

மகள் வீட்டில் மூன்று மாதம் தங்குவதற்காக மெல்பர்ன் சென்றபோது எனக்கும் அந்த அச்சம் இருந்தது. அதைப் போக்கியது டிராம். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தண்டவாளத்துடன் உலகின் மிகப்பெரிய டிராம் வலைப்பின்னல் அங்கே இருக்கிறது. 'மைக்கி' என்ற ஒரே அட்டை டிராம், பேருந்து, ரயில் மூன்றுக்கும் செல்லும். ஒருமுறை தொட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் எதிலிருந்து எதற்கும் மாறிக்கொள்ளலாம். நகரின் மையப்பகுதியில் 2015 முதல் டிராமுக்குக் கட்டணமே கிடையாது. வழி தவறினால் என்ன, அடுத்த வண்டியில் ஏறித் திரும்பிவிடலாம் என்ற தைரியம் ஒரு வாரத்திலேயே வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது 96ஆம் எண். நகரைக் குறுக்காகக் கடந்து செயின்ட் கில்டா கடற்கரையில் போய் நிற்கும். அதில் உட்காரும்போதெல்லாம் பெரம்பூரில் கிளம்பிப் பெசன்ட் நகரில் காற்று வாங்க நிற்கும் நம் 29சி நினைவுக்கு வரும். 96 செல்லும் பாதையின் ஒரு பகுதி, 1857இல் ரயிலுக்காகப் போடப்பட்டது. 1987இல் டிராமுக்கு மாற்றினார்கள். பழையதைப் பிடுங்கி எறியாமல் வேறொன்றாக்கிக்கொள்ளும் அந்தச் சிக்கனம் நம் பாட்டிகளின் சமையலறையைச் சேர்ந்தது.

அங்கே நடத்துநர் இல்லை. 1998க்குள் அந்த வேலையையே ஒழித்துவிட்டார்கள். விசிலும் தோல்பையும் விரலிடுக்கில் மடித்த நோட்டுகளுமாக, "உள்ள போங்க சார்" என்று அதட்டும் அந்த மனிதர் இல்லாத வண்டி எனக்குச் சற்று வெறுமையாகவே இருந்தது. ஆனால் பேருந்திலிருந்து இறங்கும் பயணிகள் ஓட்டுநருக்கு உரக்க நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் ஓட்டுநரின் முகத்தை நாம் பார்ப்பதேயில்லை.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது ஒரு சாலைவிதி. சாலை நடுவே டிராம் நின்று கதவு திறந்தால், அதன் பின்னால் வரும் கார்கள் நின்றாக வேண்டும். தடுப்பு இல்லை, காவலர் இல்லை. ஒரு கிழவி கைத்தடியுடன் இறங்கி ஓரம் சேரும்வரை விலையுயர்ந்த வாகனங்கள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. சாலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்த நகரம் தரும் விடை அது.

இந்த விடை நமக்கும் ஒருகாலத்தில் எட்டும் தூரத்தில் இருந்தது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான், 1895 மே மாதம். மின்கம்பியை முதலில் தரைக்கடியில் பதித்தார்கள். மழை வெள்ளம் பாடம் கற்பித்தபின் தலைக்கு மேலே கட்டினார்கள். மவுண்ட் ரோட்டிலும் பாரிமுனையிலும் மணியடித்துக்கொண்டு திரிந்த அந்த வண்டிகள், நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கியதால் 1953 ஏப்ரலில் நின்றுபோயின. அது உலகமெங்கும் டிராமைப் பழங்குப்பை என்று கருதிய காலம். சிட்னியும் 1961இல் மூடிவிட்டது. பின்னர் 1997இல் புதிதாகத் தண்டவாளம் போட்டு மறுபடி தொடங்கியது. மெல்பர்ன் தப்பியதற்குப் பெரிய காரணம், 1949 முதல் 1970 வரை டிராம் வாரியத் தலைவராக இருந்த ராபர்ட் ரிஸ்ஸன் என்ற பிடிவாதக்காரர். நவீனம் தெரியாதவர் என்று ஏசியவர்களைப் பொருட்படுத்தாமல், தண்டவாளங்களைக் கான்கிரீட்டில் பதித்துக்கொண்டே போனார். பிடுங்குவது செலவு என்றாகிவிட்டது.

டிராம் போன துக்கத்தைப் பாடுவது என் நோக்கமல்ல. என் கவலை வேறு. என் அம்மா எழுபது வயதுவரை மயிலாப்பூரிலிருந்து 5பி ஏறித் தனியாகத் தி.நகர் போய்வந்தவர். அவரை நிறுத்தியது தூரமல்ல, கூட்டமல்ல. பேருந்தின் முதல் படி. முழங்கால் அந்த உயரத்துக்கு எழ மறுத்த நாளில் அவருடைய பாண்டி பஜார் முடிந்துபோயிற்று. பிறகு எல்லாமே யாராவது அழைத்துப்போனால்தான். அயல்நாட்டுக்குப் போகாமலேயே அவருக்கு அந்த வீட்டுக்காவல் வாய்த்தது. 96இல் ஓடும் வண்டிகளில், மேடைபோல் உயர்த்திய நிறுத்தங்களில் படியே இல்லாமல் நடந்து நுழையலாம். அங்கும் எல்லாத் தடங்களிலும் இவ்வசதி இல்லை. படியேற வேண்டிய பழைய வண்டிகளும் ஓடுகின்றன. ஆயினும் திசை தெளிவாக இருக்கிறது.

சென்னையிலும் திசை திரும்பாமலில்லை. 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை சென்று போராடியபின், 2024இல் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் வந்தன. ஆனால் தளத்தைத் தாழ்த்தினால் மட்டும் போதாது. நிறுத்தத்தை ஒட்டி வண்டி நிற்க வேண்டும். அதற்கு அந்த இடத்தில் ஆட்டோவும் காரும் நிற்கக் கூடாது. நிறுத்தம்வரை நடந்துவர நடைபாதை வேண்டும். இவற்றில் எதற்கும் வெளிநாட்டுத் தொழில்நுட்பம் தேவையில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. தாழ்தளப் பேருந்தைப் பற்றிச் சொன்னபோது, இலவசமா என்று கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு வரும்?" என்றுதான் கேட்டார்.